லாபம் மட்டும் அனுப்பிய தம்பி

1

எங்கள் வங்கி வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு கருத்தரங்கு நடத்தும். பஹ்ரைன் தலைநகர் மனாமாவில் கடலைப் பார்த்தபடி நிற்கும் பெரிய ஓட்டலில் இரண்டு நாள். பேச வருகிறவர்கள் மாறுவார்கள், மதியச் சாப்பாட்டில் ஒன்றிரண்டு அயிட்டம் மாறும், தலைப்பு மட்டும் மாறவே மாறாது: இஸ்லாமிய வங்கிமுறையும் வளரும் நாடுகளின் பொருளாதார வளர்ச்சியும். முதல் வருஷம் இதைத் தட்டச்சு செய்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போதெல்லாம் விரல்கள் தாமாகவே அடித்துவிடுகின்றன. பெயர் அட்டைகளை அகர வரிசையில் அடுக்குவது, ஜகார்த்தாக்காரரின் பையைத் தூக்கிக் கார்ட்டூம்காரரிடம் கொடுத்துவிடாமல் பார்த்துக்கொள்வது, மைக்கில் கரகரப்பு வந்தால் ஓடிப்போய் ஆளைக் கூப்பிடுவது, எல்லாம் என் தலையில்.

இந்த வருஷம் கருத்தரங்குக்கு முந்தின வாரம்தான் ஊரில் சுரங்கத்தை மூடிவிட்டார்கள் என்ற செய்தி வந்தது. ஊர் என்றால் கோலார் தங்கவயல். செய்தியைச் சொன்னவன் என் தம்பி தயாளன். நான் ஆபீசில் இருந்தேன். போனை வைத்துவிட்டு மறுபடி பெயர் அட்டைகளை அடுக்க உட்கார்ந்தேன். வேறென்ன செய்வது? மூடப் போகிறார்கள், மூடப் போகிறார்கள் என்று நான் பாவாடை கட்டிய காலத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்த சேதி. நிஜமாகவே மூடியபோது அழக்கூடத் தெம்பில்லை.

மேடையில் எங்கள் துறைத் தலைவர் பேசினார். சூடான் நாட்டுக்காரர். நாங்கள் எல்லோரும் அவரை உஸ்தாத் என்றுதான் கூப்பிடுவோம். ஒல்லியான உருவம், மெல்லிய குரல். வருஷாவருஷம் அவர் சொல்வது எனக்கு மனப்பாடம்.

“வட்டி, ஜெயித்தவனிடமும் தோற்றவனிடமும் ஒரே தொகையைக் கேட்கிறது. வளரும் நாடுகளில் கைத்தொழில் தெரிந்தவனிடம் அடமானம் வைக்க நிலம் இல்லை. அவனுக்குக் கடன் கொடுக்காதீர்கள், அவனோடு கூட்டுச் சேருங்கள். லாபம் வந்தால் பேசிய பங்குப்படி பிரித்துக்கொள்ளுங்கள். நஷ்டம் வந்தால் பணம் போட்டவன் பணத்தை இழக்கட்டும், உழைத்தவன் உழைப்பை இழக்கட்டும்.”

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். மற்ற வருஷங்களில் வழக்கத்துக்காகத் தட்டுவேன். இந்தப் பேச்சை நம்பி ஒரு காரியத்தில் இறங்கியவள் அந்த அறையிலேயே நான் ஒருத்திதான் என்பது யாருக்கும் தெரியாது.

2

என் பாஸ்போர்ட்டில் பிறந்த இடம் என்ற வரியில் கோலார் கோல்ட் ஃபீல்ட்ஸ் என்று அச்சடித்திருக்கிறது. இங்கே வசிப்பு அனுமதியைப் புதுப்பிக்கப் போகும்போதெல்லாம் இந்த வரியால் கொஞ்சம் நேரம் போகும். கவுண்டரில் இருக்கும் பையன் அதை விரலால் தொட்டுப் படிப்பான். பிறகு என்னை ஏற இறங்கப் பார்ப்பான்.

“கோல்ட்? தங்கமா? தங்கம் எடுக்கிற ஊரிலிருந்தா இங்கே வந்திருக்கிறாய்?”

பக்கத்துக் கவுண்டர்காரனைக் கூப்பிட்டுக் காட்டுவான். இரண்டு பேரும் சிரிப்பார்கள். பின்னால் வரிசையில் நிற்பவர்களும் எட்டிப் பார்ப்பார்கள். தங்கத்தை எடுத்தவர்கள் வேறு, வைத்துக்கொண்டவர்கள் வேறு என்று அவனுக்கு எந்தப் பாஷையில் சொல்வது? நானும் சிரித்துவிட்டு முத்திரையை வாங்கிக்கொண்டு வருவேன். பழகிவிட்டது.

நான் பிறந்தது ஸ்கெலட்டன் என்ற தொழிலாளர் குடியிருப்பில், சுரங்கக் கம்பெனி வரிசையாகக் கட்டிவிட்ட லைன் வீடு ஒன்றில். தாத்தா வட ஆற்காட்டிலிருந்து வேலைக்கு வந்தவர். அப்பா இருபத்தைந்து வருஷம் கேஜில், அந்தச் சுரங்கக் கூண்டில், இறங்கி ஏறினார். நான் பி.காம். முடித்தேன். கனரகத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவருக்கு என்னைக் கட்டிக் கொடுத்தார்கள். அவருக்குப் பஹ்ரைனில் கப்பல் பழுது பார்க்கும் இடத்தில் வேலை கிடைத்தது. பின்னாலேயே நானும் வந்தேன்.

வங்கியில் என் வேலையை ஊரில் யாரிடமும் புரியவைக்க முடிந்ததில்லை. வட்டி வாங்காத பேங்க் என்றால், “அப்ப சம்பளம் எங்கேருந்து குடுக்குறாங்கோ?” என்று அம்மாவே கேட்டாள். ஒரு வியாபாரிக்குச் சிமெண்ட் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வங்கி அவருக்குப் பணம் தராது. அந்தச் சிமெண்டைத் தானே வாங்கும். பிறகு இவ்வளவு லாபம் என்று வெளிப்படையாகச் சொல்லி அவருக்குத் தவணையில் விற்கும். முராபஹா என்று பெயர். இதில் முக்கியம் வரிசை. வங்கி முதலில் வாங்கியிருக்க வேண்டும், பிறகுதான் விற்க வேண்டும். முன்பின் ஆனால் மார்க்க அறிஞர்கள் குழு அந்த லாபத்தைத் தள்ளிவிடும், தர்மத்துக்குப் போய்விடும். அந்த வரிசையைச் சரிபார்ப்பது நான். அதனால் தினமும் காலையில் ஒரு மணி நேரமாவது சர்க்கரைக்கோ இரும்புக்கோ பாமாயிலுக்கோ எங்கள் வங்கி சொந்தக்காரராக இருக்கும். ஸ்கெலட்டனில் ஒரு செங்கல்கூடச் சொந்தமில்லாத குடும்பத்துப் பெண் இதைச் சரிபார்க்கிறேனே என்று ஆரம்பத்தில் எனக்கே சிரிப்பு வரும்.

உஸ்தாத் மேடையில் பேசுகிற கூட்டு இருக்கிறதே, அதற்கு முதாரபா என்று பெயர். அந்த ஃபைல்கள் எங்கள் அலமாரியில் அரைத் தட்டுக்குமேல் இருந்ததில்லை. மற்ற தட்டெல்லாம் சிமெண்டும் சர்க்கரையும்தான். ஒருநாள் டீ குடிக்கும்போது காரணம் கேட்டேன்.

“கூட்டில் நஷ்டத்துக்கு நாங்கள் பயப்படவில்லை. லாபம் வந்தவன் குறைத்துச் சொல்கிறான். அவனை எப்படிக் கண்டுபிடிப்பது? அதுதான் எங்கள் பயம்” என்றார்.

அதிகமாகச் சொல்கிறவனைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அப்படி ஒருத்தன் இருப்பான் என்று அவருக்குத் தோன்றியிருக்காது.

3

தயாளன் எனக்கு ஆறு வயது இளையவன். சுரங்கத்து ஒர்க்‌ஷாப்பில் லேத்தில், இரும்பு கடையும் மிஷினில், நின்றவன். ஆள் குறைப்பு வந்தபோது, கொடுப்பதை வாங்கிக்கொண்டு தானாகவே வெளியே வந்துவிட்டான். “கடைசில தள்ளிவுடறதுக்கு முன்னாடி நம்பளே போயிடணும் யக்கா” என்றான். ஊரின் கடைத்தெருப் பகுதியான ராபர்ட்சன்பேட்டையில் ஒரு கொட்டகையை வாடகைக்குப் பிடித்து லேத்துப் பட்டறை வைக்க ஆசை. போர்வெல் மோட்டார், டிராக்டர் சாமான், கரும்பு பிழிகிற மிஷின், எதுவாக இருந்தாலும் அவன் கைக்கு வரும். கைதான் இருந்தது. கையில் வந்த பணமோ அப்பாவின் நுரையீரல் வைத்தியத்துக்கே சரியாகப் போய்விட்டது.

பாங்கிக்குப் போனான். திரும்பி வந்து எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் செய்தான்.

“பட்டா இன்னா கீதுன்னு கேக்குறான் யக்கா. லைன் வூடு சார், கம்பெனிதுன்னேன். அப்ப உனுக்குன்னு இன்னாதான் கீதுன்னான். லேத்து ஓட்டத் தெரியும்னேன். சிரிச்சிட்டான்.”

அது கிழக்காசிய நாடுகளில் பணம் சரிந்திருந்த சமயம். அந்த வருஷக் கருத்தரங்கில் உஸ்தாத் வழக்கத்தைவிட உருக்கமாகப் பேசினார். அடமானம் வைக்க நிலமில்லாத கைத்தொழிலாளி என்று அவர் சொன்னபோது எனக்கு மேடை தெரியவில்லை, தயாளன் முகம்தான் தெரிந்தது. அன்று சாயங்காலமே வீட்டுக்காரரிடம் பேசினேன். மகள் ஷோபாவின் படிப்புக்கென்று சேர்த்ததில் பெரும்பகுதியைக் கேட்டேன். 

“உன் தம்பிக்குக் குடுக்கறேன்னா குடு. அத்துக்கு இன்னாத்துக்கு அரபிப் பேரு?” என்றார் அவர்.

தயாளனுக்குப் புரியவைக்கத்தான் மூன்று போன்கால் ஆனது.

“இது கடன் இல்ல தயாளா. கூட்டு. லாபம் வந்தா பாதிப் பாதி. நஷ்டமானா என் பணம் போவும், உன் ஒழைப்பு போவும். நீ எனுக்கு ஒண்ணும் திருப்பித் தர வேணாம்.”

“இன்னா யக்கா இது கதை? நஷ்டமானா நீ இன்னாத்துக்குத் தலையில போட்டுக்கணும்? வட்டி சொல்லு, கட்டிடறேன். வட்டின்னா எனுக்குத் தெரியும்.”

“வட்டி வேணாம்டா.”

“ஊர்ல சொன்னா சிரிப்பாங்கோ.”

“சொல்லாத.”

ஒத்துக்கொண்டான். லேத்து வாங்கினான். பட்டறைக்குப் பூஜை போட்ட போட்டோவை அனுப்பினான். அதில் அவன் மனைவி மல்லிகா லேத்துக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருக்கிறாள், இவன் பக்கத்தில் பள்ளிக்கூடப் பையனைப் போல விறைப்பாக நிற்கிறான். அந்தப் போட்டோவை மேஜைக் கண்ணாடிக்கடியில் வைத்தேன். உஸ்தாத் ஒருநாள் பார்த்துவிட்டு யார் என்று கேட்டார். என் முதாரபா என்றேன். நாற்காலியில் சாய்ந்து வாய்விட்டுச் சிரித்தார்.

4

லாபம் மூன்றாவது மாதமே வர ஆரம்பித்தது. ராபர்ட்சன்பேட்டையில் என் பேரில் இருக்கும் கணக்கில் தயாளன் போட்டுவிடுவான். சம்பளத் தேதியன்று போன் வரும்.

“போட்டுட்டேன் யக்கா.”

சம்பளத் தேதி என்றால் சுரங்கத்துச் சம்பளத் தேதி. அவன் வேலையை விட்டு வந்த பிறகும் அந்தத் தேதியை விடவில்லை. எங்கள் லைன்களில் அது வெறும் தேதி இல்லை. அன்றைக்குச் சுரங்கத்துக் கேட்டுக்கு வெளியே வட்டிக்குக் கொடுத்தவர்கள் வரிசையாக நிற்பார்கள். ஷிஃப்ட் முடிந்து வருகிறவன் யார் முகத்தைப் பார்த்து நேராக நடக்கிறான், யார் பின்பக்கச் சந்து வழியாக நழுவுகிறான் என்பதை ஊரே கவனிக்கும். அப்பா நேராக நடப்பார். கையில் கொடுக்க ஒன்றுமில்லாத மாதத்தில்கூட எங்கேயாவது புரட்டிக்கொண்டு வந்து நேராக நடப்பார். தயாளன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கேட்டைத் தாண்டி வளர்ந்தவன்.

மாதாமாதம் ஒரே தொகை வருகிறதே என்று ஒரு தடவை கேட்டேன். “ரவுண்டா போடறேன் யக்கா, வருஷக் கடைசில கணக்குப் பாத்துக்கலாம்” என்றான். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. வீட்டுக்காரருக்கு மச்சான் மேல் மரியாதை கூடிவிட்டது. “பரவால்லியே, பேங்க்ல போட்டிருந்தாக்கூட இவ்ளோ வராது” என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். ஷோபாவை இன்னும் நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம்.

ஷோபாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கேயே பிறந்தவள். இந்தியும் இங்கிலீஷும் நன்றாகப் பேசுவாள், அரபி கொஞ்சம் வரும், தமிழ் வீட்டுக்குள் மட்டும்தான். எந்த ஊர் என்று கேட்டால் பெங்களூர் என்பாள். தங்கவயல் என்று சொல் என்றால், “அது யாருக்கும் தெரியாதும்மா, எக்ஸ்ப்ளெயின் பண்ணணும்” என்பாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. மனாமாவில் மற்ற தமிழர்கள் என் பேச்சைக் கேட்டு மெட்ராஸ் ரிக்‌ஷாக்காரர் மாதிரி இருக்கிறதே என்று சிரித்த பிறகு நானே ‘கீது’வை விட்டுவிட்டேன், ‘இன்னா’வை விட்டுவிட்டேன். இப்போது நான் பேசுவது எந்த ஊர்த் தமிழும் இல்லை. தயாளனிடம் பேசும்போது மட்டும் பழைய பேச்சு திரும்பி வரும். “மாமாகிட்ட பேசறப்ப நீ வேற ஆளும்மா” என்று ஷோபா சொல்வாள். மாதத்துக்கு ஒருநாள், ஒரு போன்கால் நேரம், நான் நானாக இருந்தேன். அந்தப் போனுக்காகத்தான் காத்திருந்தேன், லாபத்துக்காக இல்லை. இதைச் சொன்னால் வீட்டுக்காரர் நம்பமாட்டார்.

5

போன வருஷம் லீவில் ஊருக்குப் போனோம். பங்காருபேட்டையில் ரயிலை விட்டு இறங்கியபோது தயாளன் நின்றிருந்தான். இளைத்திருந்தான். வெயிலில் அலைகிற வேலை என்றான். வீட்டில் கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தார்கள். மல்லிகா எனக்குப் பரிமாறும்போது முகத்தைப் பார்க்கவே இல்லை. பட்டறையைப் பார்க்கணும் என்றால், “நாளிக்குப் போலாம் யக்கா” என்றான். மறுநாளும் அதையே சொன்னான். கரண்ட் இல்லை என்றான். சாவி இன்னொருத்தனிடம் இருக்கிறது என்றான்.

நாலாவது நாள் நானும் ஷோபாவும் ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டுக்குப் போனோம். பூக்காரம்மாளிடம் நாளைக்கும் இதேபோல நெருக்கமாகக் கட்டி வைக்கணும் என்று சொல்லிவிட்டு, வாயில் பழகிய பழக்கத்தில் “இன்ஷா அல்லா” என்று சேர்த்துவிட்டேன். பூக்காரம்மாள் என் நெற்றிப் பொட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். ஷோபா விழுந்து விழுந்து சிரித்தாள். அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு குரல்.

“தயாளன் அக்காதான நீ? வெளிநாட்லேர்ந்து எப்ப வந்தே?”

குடைக்கார மணி. சுரங்கத்தில் டைம்கீப்பராக இருந்து ரிட்டயர் ஆனவர். அப்பா காலத்திலேயே சம்பளத்தன்று கேட்டில் கறுப்புக் குடையோடு நிற்பார். எழுத்து கிடையாது, அடமானம் கிடையாது. முகத்தைப் பார்த்துக் கொடுப்பார், வட்டியைப் பார்த்தால் தலை சுற்றும். வயதாகியிருந்தது, குடை மட்டும் புதுசு.

“நல்லா கீறீங்களா?” என்றேன். எத்தனையோ வருஷம் கழித்து அந்தச் சொல் தானாக வந்தது.

“எனுக்கு இன்னா கொறச்சல்? உன் தம்பி மாதிரி நாணயமான ஆளு இந்த ஊர்லயே இல்லம்மா. அல்லாரும் என்னைப் பாத்தா சந்துல பூந்து போயிடறானுங்கோ. இவன் ஒருத்தன்தான் நேரா வர்றான். மாசா மாசம் சம்பளத் தேதிக்கு மொத நாளு வாங்கிட்டுப் போவான். அக்காவுக்குப் பங்கு போடணும்ண்ணே, தேதி தாண்டக் கூடாதுன்னுவான். வட்டியும் கரீட்டா குடுத்துட்றான், பாவம். மல்லிகா வேலைக்குப் போற காசுல குடுக்கறான்னு நெனக்கிறேன். அப்பனை மாதிரியே வளந்துக்கீறான்.”

என்னைப் பெருமைப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, குடையை ஊன்றியபடி போய்விட்டார். பூவைக் கையில் வாங்கினேனா என்றுகூட எனக்கு நினைவில்லை. ஷோபா என் புடவையைப் பிடித்து இழுத்து, “என்னாச்சும்மா? அந்தத் தாத்தா நல்லாத்தானே சொன்னாரு?” என்றாள்.

வட்டியே வேண்டாம் என்று நான் உண்டாக்கிய கூட்டு. அதில் எனக்குத் தர வேண்டிய லாபத்தை என் தம்பி வட்டிக்கு வாங்கித் தந்துகொண்டிருந்தான்.

6

நேராகப் பட்டறைக்குப் போனேன். கரண்ட் இருந்தது, சாவியும் இருந்தது, தயாளனும் இருந்தான். லேத்து சும்மா நின்றிருந்தது. அவன் ஒரு முக்காலியில் உட்கார்ந்து எண்ணெய்த் துணியால் அதைத் துடைத்துக்கொண்டிருந்தான். தரையில் லேத்து சீவிப் போடும் இரும்புச் சுருள் ஒன்றுகூட இல்லை. வேலை நடக்கிற பட்டறையில் அது இல்லாமல் இருக்காது என்று ஒர்க்‌ஷாப்காரனின் அக்காவான எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

“மணியண்ணனைப் பாத்தேன்” என்றேன்.

அவன் துடைப்பதை நிறுத்தவில்லை.

“எத்தினி மாசமா?”

“மொத வருஷம் நல்லாத்தான் ஓடுச்சி யக்கா. சத்தியமா. அப்புறம் ஊர்ல காசே இல்ல. மோட்டாரு ரிப்பேருன்னு எடுத்தாரான், சரி பண்ணிக் குடுத்தா நாளிக்குத் தர்றேன்றான். அவனுக்கே மூணு மாசமா சம்பளம் வர்ல. நான் எப்டிக் கேக்கறது?”

“அத்த எனுக்குச் சொல்றதுக்கு இன்னா?”

“எப்டி யக்கா சொல்றது?”

“நஷ்டம்னு சொல்றது. ஒரு வார்த்தை. அத்துக்குத்தானே கூட்டு போட்டோம்? நஷ்டம் என்துன்னு அன்னிக்கே சொன்னேனா இல்லியா?”

அவன் துணியைக் கீழே போட்டான். முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தான்.

“நீ சொல்லுவே. நஷ்டம்னு வாயால சொன்னா அத்துக்கு இந்த ஊர்ல இன்னா அர்த்தம் தெரியுமா? துண்ணுட்டான்னு அர்த்தம். அக்கா காசைத் துண்ணுட்டு நஷ்டம்ன்றான்னு அர்த்தம். நீ நம்புவே. மாமா நம்புவாரா?”

 கொட்டகைக்கு வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது. என் வீட்டுக்காரர் நம்புவார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.  இந்த ஊரில் ஒருத்தன் நேர்மையானவன் என்று காட்ட ஒரே வழி, தேதி தவறாமல் கொடுப்பது. எங்கிருந்து கொடுக்கிறான் என்று யாரும் கேட்கமாட்டார்கள். உஸ்தாத் மேடையில் எத்தனையோ நாடுகளைப் பற்றிப் பேசியிருக்கிறார். பணம் போடுகிறவன் துணிய வேண்டும் என்பார், உழைக்கிறவன் உழைக்க வேண்டும் என்பார். தோற்றுவிட்டேன் என்று சொல்கிறவனை நம்ப ஒரு ஊர் வேண்டும் என்று யாரும் சொன்னதில்லை.

“மாமாவ நான் பாத்துக்கறேன்” என்றேன். “ஆனா நீ சொல்லணும். என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. இல்லாட்டி இந்தக் கூட்டு இன்னியோட முடிஞ்சிச்சி. நானும் மணியண்ணன் மாதிரி ஆயிட்டேன்னு வெச்சிக்கிறேன்.”

 அவன் லேத்தின் மேல் கை வைத்துக்கொண்டு, எனக்குக் கேட்குமோ கேட்காதோ என்ற குரலில் சொன்னான்.

“நஷ்டம் யக்கா.”

சொல்லிவிட்டு அழுதான். நானும் அழுதேன். ஷோபா வாசலில் நின்று இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே வந்து, என்ன சொல்வதென்று தெரியாமல், கையிலிருந்த பூவை மாமாவிடம் நீட்டினாள். அவன் வாங்கி லேத்தின் மேல் வைத்தான்.

அந்த வாரமே லேத்தைப் பங்காருபேட்டைக்காரர் ஒருவருக்கு விற்றோம். மணியண்ணனுக்கு முழுதாகத் தீர்த்தோம். தயாளன் சந்துப் பக்கம் போகாமல் நேராக நடந்து போய்த்தான் கொடுத்தான், நானும் கூடப் போனேன். மிச்சமிருந்ததில் ஒரு டிரில்லிங் மிஷினையும் வெல்டிங் செட்டையும் மட்டும் வைத்துக்கொண்டான். அதுவும் அதே கூட்டில்தான் என்று நான் பிடிவாதமாக நின்றேன். வீட்டுக்காரருக்கு ஸ்கெலட்டன் வீட்டிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. மூன்றாம் நாள் தயாளனோடு டீக்கடைக்குப் போனார். அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது, நானும் கேட்கவில்லை.

7

திரும்பி வந்த பிறகு ஆறேழு மாதம் தயாளனிடமிருந்து போன் வரவில்லை. நான் செய்தால் மல்லிகா எடுத்து, “அவரு வெளிய கீறாரு அண்ணி” என்பாள். கூட்டை நடத்த நினைத்து ஒரு தம்பியை இழந்துவிட்டேனா என்று தோன்றும். சம்பளத் தேதி வரும், போகும். என் வாயில் ‘இன்னா’ வருவதும் நின்றுவிட்டது. ஷோபா ஒருநாள், “மாமா ஏன் போன் பண்றதில்ல?” என்று கேட்டாள். வேலை அதிகம் என்று சொன்னேன்.

சுரங்கம் மூடிய செய்திக்காகத்தான் அவன் மறுபடி போன் செய்தது. அதுவும் இரண்டே வாக்கியம். பிறகு கருத்தரங்கு வந்தது. பெயர் அட்டைகள், பைகள், கைத்தட்டல். முடிந்த மறுநாள் வெள்ளிக்கிழமை, லீவு. மதியம் சாப்பிட்டுவிட்டுக் கால் நீட்டிப் படுத்திருந்தபோது போன் அடித்தது. ஷோபா எடுத்து, “மாமா” என்று என்னிடம் நீட்டினாள். அப்போதுதான் அது சம்பளத் தேதி என்று எனக்கு உறைத்தது. சம்பளம் தர இனி ஒரு சுரங்கமே இல்லாத சம்பளத் தேதி.

“யக்கா, இந்த மாசம் ஒண்ணும் இல்ல.”

குரல் கொஞ்சமும் தணியவில்லை. மழை இல்லை என்று சொல்கிற மாதிரி சொன்னான்.

“ஒண்ணும் இல்லியா?”

“இல்ல. ரெண்டு இரும்பு கேட்டு வெல்டிங் வந்துச்சி, அது கரண்டுக்கே சரியாப் போச்சி. காலைல ரயிலப் புடிச்சி பெங்களூருக்குப் போறேன், ஒரு பட்டறையில லேத்துல நிக்கறேன். அது என் கூலி, அதுல உனுக்குப் பங்கு கெடயாது. ஞாயித்துக்கெழம நம்ப பட்டறையத் தொறக்கறேன். வந்தா சொல்றேன்.”

“இத்தச் சொல்றதுக்கா ஐ.எஸ்.டி. போட்டே?”

“சொல்லணும்னு நீதான சொன்னே?”

பிறகு ஊர்க் கதையெல்லாம் பேசினான். சுரங்கத்துச் சங்கு ஊதாததால் யாருக்கும் மணி தெரியவில்லையாம், மல்லிகா தினமும் அரை மணி முன்னாலேயே உலை வைத்துவிடுகிறாளாம். நானும் பேசினேன். பழைய பேச்செல்லாம் வந்தது. சிரித்தேன், கோபித்துக்கொண்டேன், இன்னாத்துக்கு என்று எத்தனை தடவை கேட்டேனோ தெரியாது. வைக்கும்போது மறுபடி சொன்னான், “அடுத்த மாசமும் இருக்குமான்னு தெரியல யக்கா. தேதிக்குப் போன் பண்ணுவேன்.”

போனை வைத்தேன். வீட்டுக்காரர் செய்தித்தாளை இறக்கிவிட்டுப் பார்த்தார்.

“போட்டானா?”

“ஒண்ணும் இல்லியாம்.”

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். ஏமாற்றுகிறான் என்று சொல்வார் என்று எதிர்பார்த்து நான் தயாராக இருந்தேன். அவர் செய்தித்தாளை மறுபடி தூக்கிக்கொண்டார்.

“நெசமாத்தான் இருக்கும்” என்றார் அதற்குப் பின்னாலிருந்து.